அன்றாட வாழ்வில் விசுவாசம்: பெங்களூரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, வாரம் ஒரு வீடாகக் கூடி ஜெபிக்கிறோம். பாட்டும் வேதவாசிப்பும் முடிந்து, செருப்பைத் தேடும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வெளியே வருகின்றன. ஆண்டுக்கணக்காக அதே கேள்விகள், ஆள்தான் வேறு. ஆகவே எழுதிவைத்தேன். நான் போதகர் அல்ல, இறையியல் படித்தவளும் அல்ல. உங்கள் சபைப் போதகர் வேறுவிதமாகச் சொன்னால் அவரையும் கேளுங்கள்.

1. அன்றாட வாழ்க்கையில் கர்த்தரைக் காணுங்கள் என்கிறீர்களே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை போதாதா?

ஆராதனை வேண்டும். ஆனால் சுவிசேஷங்களைப் புரட்டினால் இயேசு ஆட்களைச் சந்திக்கும் இடங்கள் பெரும்பாலும் கிணற்றடி, படகு, ஆயத்துறை, கல்யாண வீடு, சாப்பாட்டுப் பந்தி. உயிர்த்தெழுந்த பிறகும், இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீஷர்களுக்காகக் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, ‘வாருங்கள், சாப்பிடுங்கள்’ என்கிறார் (யோவான் 21).

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பல பதில்களுக்கு இது தேவைப்படும். எம்மாவுக்குப் போன இருவரோடு இயேசு வழியெல்லாம் நடந்தார். ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அவர்கள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அப்பத்தைப் பிட்டபோது கண்டார்கள், உடனே அவர் மறைந்துவிட்டார். அதன் பிறகே, வழியில் பேசும்போது தங்கள் இருதயம் எரிந்ததை நினைத்துப் பார்த்தார்கள் (லூக்கா 24). நடக்கும்போது தெரியாமல் திரும்பிப் பார்க்கும்போது தெரிவதுதான் எங்களில் பலருக்கும் வாய்த்திருக்கிறது. ‘இந்த நிமிஷம் எனக்கு எதுவும் தெரியவில்லையே’ என்று பதறாதீர்கள்.

2. காலை இருட்டில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இரவுதான் வீடு திரும்புகிறேன். எப்போது ஜெபிப்பது?

மாரிக்குப்பம் பக்கத்துக் கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பிறகு அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரு ரயிலில்தான் என்றாகிவிட்டது. போக 80 கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம், பல நாள் நின்றபடியே. இப்படி வாழ்கிறவரிடம், ‘அதிகாலையில் ஒரு மணி நேரம் முழங்காலில் நில்லுங்கள்’ என்று உபதேசிக்க எனக்கு மனம் வராது.

பாரசீக ராஜாவின் அரண்மனையில் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று ராஜா கேட்கிறார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டுப் பதில் சொல்கிறார் (நெகேமியா 2:4). ராஜாவைக் காக்கவைக்க முடியாது. ஆக அது ஓரிரு மூச்சு நேர ஜெபமாகத்தான் இருந்திருக்கும். உங்களுக்கும் அதுவே போதும். பங்காருப்பேட்டை வரைக்கும் ஒரு சங்கீதம், ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் அன்று பார்க்கப்போகும் இரண்டு மூன்று பேரின் பெயர்கள். மனத்துக்குள் சொல்லுங்கள், பெட்டியில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

3. அப்படியானால் வேலையே ஜெபம் என்று இருந்துவிடலாமே?

இதற்கு எல்லோரும் சகோதரர் லாரன்ஸை இழுக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கர்மேல் மடத்தில் சமையல் செய்துகொண்டே கடவுளோடு பேசப் பழகியவர். உண்மைதான். ஆனால் அவர் இருந்தது மடம். குறித்த வேளைகளில் மணி அடித்தால் ஜெபிக்கும் இடம். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. நெகேமியாவும் ராஜாவின் முன் நிற்பதற்கு முன்னால் பல நாள் உபவாசித்து ஜெபித்தார் என்று முதல் அதிகாரத்தில் இருக்கிறது. ரயில் இல்லாத நாள் உங்களுக்கும் ஒன்று வருமல்லவா? அன்று வேதத்தைத் திறந்து நிதானமாக உட்காருங்கள்.

4. எல்லோரும் பெரிய சாட்சி சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையே, அக்கா?

விபத்தில் தப்பினேன், விசா கிடைத்தது, கட்டி கரைந்தது. கூட்டத்தில் ஒலிபெருக்கி இப்படிப்பட்டவர்கள் கைக்கே போகிறது. அவர்கள் சொல்லட்டும். ஆனால் பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் குறிப்பிடுகிறார் (2 தீமோத்தேயு 1:5). அந்த இரண்டு பெண்கள் வாழ்வில் என்ன அற்புதம் நடந்தது? வேதத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஒரு பிள்ளைக்குச் சிறுவயதிலிருந்தே வேதத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. ரோமர் 16இல் ரூபு என்பவரின் தாயை, எனக்கும் தாய் என்று பவுல் வாழ்த்துகிறார். அந்த அம்மாள் பவுலுக்கு என்ன செய்தார் என்றும் தெரியாது. ஒருவேளை சோறு போட்டிருப்பார்.

ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் இக்னேஷியஸ் லொயோலா 16ஆம் நூற்றாண்டில் தம் தோழர்களுக்குக் கற்பித்தது. கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்பார்கள். இரவில் படுக்குமுன் அன்றைய நாளைக் காலையிலிருந்து மெல்ல நினைத்துப் பாருங்கள். எதற்கு நன்றி சொல்லலாம், எங்கே மனம் கடினப்பட்டது, நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் போதும். எம்மாவு வழியில் திரும்பிப் பார்த்தார்களே, அதைத் தினமும் செய்வது இது. மாதம் ஒன்று கழித்து, சாட்சி இல்லை என்று சொல்வீர்களா பார்ப்போம்.

5. மருமகள் கத்தோலிக்கர், வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறாள். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்). எப்படி ஒன்றாக ஜெபிப்பது?

இயேசு கற்பித்த ஜெபம் இருவருக்கும் மனப்பாடம். சொற்கள் சற்று மாறும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். சங்கீதங்கள் இருவருக்கும் பொது. உபதேச வேறுபாடுகள் உண்மையானவை, ஆனால் அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் தீர்க்கும் பொறுப்பை உங்கள் வீட்டுக்கு யாரும் தரவில்லை. ஒரு வியாழக்கிழமை அவளோடு போய் வாருங்கள். அங்கே ஜெபிக்கிற முகங்களைப் பாருங்கள், பிறகு பேசலாம்.

6. ஒருவரை நினைத்த நேரத்தில் அவரிடமிருந்தே போன் வந்தது. தற்செயலா, கர்த்தரா?

ரூத் கதிர் பொறுக்கப் போன வயல் தற்செயலாகப் போவாசுடையதாக இருந்தது என்றுதான் வேதமே எழுதுகிறது (ரூத் 2:3). எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. ஓர் இரவு ராஜாவுக்குத் தூக்கம் வராததில் மொத்தக் கதையும் திரும்புகிறது. அந்த இரு புத்தகங்களையும் எழுதியவர்கள், ‘இதோ பார், கர்த்தர் செய்தார்’ என்று வரிக்கு வரி கோடிட்டுக் காட்டவில்லை. வாசிக்கிறவர் உணரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நீங்களும் நன்றி சொல்லிவிட்டுப் போனில் அவர் சொல்வதைக் கேளுங்கள். நன்றி சொல்ல நிரூபணம் தேவையில்லை. மற்றவர்களுக்கு அதை நிரூபித்துக்காட்டப் புறப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

7. 2024 கோடையில் தண்ணீர் இல்லாமல் தவித்தோம். ஜெபித்த மறுநாள் டேங்கர் வந்தது. அதைச் சாட்சியாகச் சொன்னபோது பின்தெருச் சகோதரியின் முகம் மாறிவிட்டது. நான் சொன்னது தவறா?

அந்தக் கோடையில் நகரில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. டேங்கர் தண்ணீருக்கு ஆலாய்ப் பறந்தோம். பின்தெருச் சகோதரியும் ஜெபித்திருப்பார். அவர் தெருவுக்கு வண்டி வரவில்லை. தண்ணீர் வந்ததற்கு நன்றி என்பது ஜெபம். நாங்கள் ஜெபித்தோம், அதனால் எங்களுக்கு வந்தது என்றால், கேட்டுக்கொண்டிருக்கும் அவருடைய ஜெபத்துக்கு நீங்கள் மதிப்பெண் போட்டதாகிவிடும். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

பிதாவானவர் நீதியுள்ளவர் மேலும் அநீதியுள்ளவர் மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் என்றார் இயேசு (மத்தேயு 5:45). மழையை வைத்து யார் நல்லவர் என்று கணக்கிட முடியாது என்றால் டேங்கரை வைத்தும் முடியாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4-5).

சாட்சியை அடக்கிவைக்க வேண்டாம். வேறு விதமாகச் சொல்லலாம்: ‘தண்ணீர் வந்தது, நன்றி ஆண்டவரே. இன்னும் வராத வீடுகளை நினைத்தருளும். எங்கள் வீட்டில் நான்கு குடம் எடுத்துக்கொள்ளலாம்.’ கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முதல் இரண்டையும் யாக்கோபு ஏற்கமாட்டார். பசித்தவனிடம் ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வெறும் வாயால் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று கேட்டவர் அவர் (யாக்கோபு 2:15-16).

8. ஹைதராபாதில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா என்று கர்த்தரிடம் அடையாளம் கேட்கலாமா?

எல்லோரும் கிதியோனின் ஆட்டுத்தோலைச் சொல்வார்கள்: தோல் மட்டும் பனியில் நனையட்டும், மறுநாள் தோல் மட்டும் காய்ந்திருக்கட்டும் என்று அடையாளம் கேட்டவர். நியாயாதிபதிகள் 6ஐ முழுதாக வாசியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று கிதியோனுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பயத்தால்தான் இரண்டு முறை சோதித்தார். கர்த்தர் பொறுமையாக இருந்தார் என்பது கிருபை. அது நமக்கு வழிமுறை ஆகிவிடாது. ‘நாளை காலை பச்சைச் சட்டைக்காரர் வந்தால் போகிறேன்’ என்ற வகை அடையாளங்கள் வேண்டாம். சிவாஜிநகரில் பச்சைச் சட்டைக்குப் பஞ்சமே இல்லை.

ஐடா ஸ்கடரின் கதை இதற்கு உதவும். மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவரான தந்தையை அனுப்புகிறேன் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதை அழைப்பாக எடுத்துக்கொண்ட ஐடா அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, திரும்பிவந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். இன்று நம் வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்றால் வேலூர் சி.எம்.சி.க்கு ஓடுகிறோமே, அதன் தொடக்கம் அது. அந்த இரவில் அவர் கண்டது கண்முன் இருந்த ஒரு தேவை. அதற்குப் பிறகு பல ஆண்டு படிப்பு.

ஹைதராபாதுக்கு வருகிறேன்: சம்பளம், வாடகை, வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளி, இங்கே உங்களை நம்பி இருக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்து ஜெபியுங்கள். உங்களை நன்றாக அறிந்த இரண்டு பேரிடம் கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள். இரண்டு வழியும் நல்லதாக இருப்பதும் உண்டு.

9. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. ஆண்டு முடிந்துவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. வசனம் பொய்யா?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் அட்டை எடுத்து அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டாத வீடு நம்மிடையே குறைவு. எங்கள் வீட்டிலும் ஒட்டியிருக்கிறது. அட்டையில் 11ஆம் வசனம் இருக்கும்: உங்கள்மேல் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே. 10ஆம் வசனத்தை அட்டையில் அச்சடிக்கமாட்டார்கள். அதில் 70 ஆண்டு என்று இருக்கிறது.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கும் நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். வாசித்தவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பிப்போகப் போவதில்லை. அந்த வசனம் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. சொந்த ஊரை விட்டு இந்த நகரத்துக்கு வந்து வாழ்கிற நமக்கு அந்த அதிகாரம் முழுவதுமே வேண்டும்.

அட்டையைக் கிழிக்க வேண்டாம். அதன் பின்பக்கத்தில் 4 முதல் 14 வரை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

10. வேலை போய்விட்டது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

எரிச்சல் நியாயமானது. மின்னஞ்சல் ஒன்றில் வேலையை இழந்து, வீட்டுக்கடன் தவணையை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் இதை முதல் வார்த்தையாகச் சொல்லக் கூடாது. ரோமர் 8:28ஐத்தான் அவர்கள் சுருக்கிச் சொல்கிறார்கள். அதே அதிகாரத்தில் உபத்திரவம், பசி, நிர்வாணம், பட்டயம் எல்லாம் பெயர் சொல்லிப் பட்டியலாக வருகிறது. எப்படி ஜெபிப்பது என்று தெரியாமல் பெருமூச்சு மட்டும் விடுகிறவர்களும் வருகிறார்கள். நீங்கள் இப்போது 26ஆம் வசனத்தில் இருக்கிறீர்கள். 28க்கு யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு குடுவைத் தண்ணீர். சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்சு அதற்குப் பிறகு, வெகு தூரம் நடந்த பிறகு. ஆகவே முதலில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வேலை போன செய்தியை வீட்டில் மறைக்காதீர்கள். லேப்டாப் பையோடு பூங்காவில் போய் உட்காருவது நரகம். சபையில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

11. மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

இல்லை. லூக்கா வைத்தியர் (கொலோசெயர் 4:14). தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் எழுதினார்; ஜெபித்தால் போதும் என்று எழுதவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே மனநோய்க்கு வேண்டாம் என்கிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

நாடெங்கிலுமிருந்து ஆட்கள் தேடிவரும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. டெலி மனாஸ் என்னும் அரசின் இலவசத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த ஜெபக்கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தும்படி யார் சொன்னாலும், மேடையில் நின்று சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

12. பிள்ளையை இழந்த வீட்டுக்குப் போகிறோம். என்ன வசனம் சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அவர்கள் பேசியதில் பக்திக்குக் குறைவே இல்லை, ஆனாலும் கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள்மேல்தான் (யோபு 42:7).

இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு அழுதார். நீங்களும் அழலாம். இட்லி கொண்டு போங்கள், பாத்திரம் கழுவுங்கள், இறப்புச் சான்றிதழுக்கு யார் அலைவது என்று கேளுங்கள். ‘கர்த்தருக்கு அந்தப் பூ பிடித்திருந்தது, பறித்துக்கொண்டார்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தத் தாய்க்குக் கர்த்தரோடு அன்றிரவு பேச வேண்டியிருக்கிறது. அவரைப் பிள்ளை பறிக்கிறவராகக் காட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. பதினாறாம் நாளுக்குப் பிறகும், மூன்று மாதம் கழித்தும் போங்கள்.

13. பல மாதங்களாக ஜெபித்தால் எதுவும் உணரமுடியவில்லை. நடிக்கிறேனோ?

‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட விடியவில்லை. இரண்டும் ஆராதனைப் பாடல்கள். உணர்ச்சி இல்லாமல் இதை வாசித்தாலும் அது ஜெபம்தான்.

மிஷனரி எமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவில் பணிக்கு வந்தது முதலில் நம் பெங்களூருவுக்குத்தான். வந்த வேகத்தில் டெங்கு காய்ச்சலில் படுத்தார். பிறகு திருநெல்வேலிப் பக்கம் போய், டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தார். 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே. அந்த அறையிலிருந்து நிறைய எழுதினார். ஆனால் உற்சாகத்துக்காக அவர் கதையைச் சொல்லும் பிரசங்கிகள் அந்த இருபது ஆண்டை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு காலையும் அதே கூரையைப் பார்த்து எழுந்திருப்பாரே, அதை நினைத்துப் பாருங்கள். தூக்கமும் பசியும் சேர்ந்து போயிருந்தால் 11ஆம் பதிலையும் பார்க்கவும்.

14. பக்கத்து வீட்டு லிங்காயத்துக் குடும்பம்தான் மருத்துவமனையில் இரவெல்லாம் உடனிருந்தார்கள். அதைக் கர்த்தரின் செயல் என்று அவர்களிடம் சொல்லலாமா?

முதலில் ‘நன்றி’ என்று சொல்லுங்கள், அவர்களுக்கு. ‘கர்த்தர் உங்களை அனுப்பினார்’ என்று உடனே சொன்னால், தூங்காமல் விழித்திருந்தது அவர்கள் என்பது மறைந்துபோகிறது. கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறிய பவுலுக்கும் மற்றவர்களுக்கும், மழையிலும் குளிரிலும் தீ மூட்டிக் கொடுத்தவர்கள் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டிராத தீவுக்காரர்கள். லூக்கா அவர்களுடைய அன்பை அவர்களுடையதாகவே பாராட்டி எழுதுகிறார் (அப்போஸ்தலர் 28:2). வீட்டுக்கு வந்த பின் ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் படுத்தால் நீங்கள் போய் விழித்திருங்கள்.

15. ‘நல்லது நடந்தால் ஆசீர்வாதம், கெட்டது நடந்தால் சோதனை. எது நடந்தாலும் உங்களுக்குச் சாதகம்தானே?’ என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். என்ன சொல்வது?

நன்றாகக் கேட்டிருக்கிறான் என்று சொல்லுங்கள். அவன் குறைகூறுவது நம்மிடம் உள்ள ஒரு பழக்கத்தை; 7ஆம் பதிலில் நானும் அதைத்தான் குறைகூறினேன். டேங்கர் வந்ததும் போன் வந்ததும் விசுவாசத்துக்கு ஆதாரம் என்றால் அவனிடம் நாம் தோற்றுப்போவது நியாயமே. மனிதன் தனக்குச் சாதகமானதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறவன். நாமும் அப்படித்தான்.

ஆனால் பவுல் தன் விசுவாசத்தை அங்கே நிறுத்தவில்லை. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று எழுதினார் (1 கொரிந்தியர் 15:14). எது நடந்தாலும் சாதகம் என்று சொல்கிறவர் பேசுகிற பேச்சு இல்லை இது. எது பொய்யானால் தான் கைவிட வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். மகன் விவாதிக்க விரும்பினால் அதை விவாதிக்கட்டும். அன்றாட அனுபவங்கள் ஏற்கெனவே நம்புகிறவருக்குக் கிடைக்கும் ஊக்கம். நம்பாதவரை மடக்க அவற்றை எடுக்காதீர்கள்.

இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று சீஷர் தோமா சொன்ன பிறகும், எட்டு நாள் கழித்து மற்றச் சீஷர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தார் (யோவான் 20:26). யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. மகனுக்குப் பதில் சொல்வதற்கு முன், எந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறான் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும்: நாம் எல்லோரும் ஜெபித்தும் பிழைக்காமல் போன ஒருவர். அப்படியென்றால் அவன் கேட்டது 15ஆம் கேள்வி இல்லை, 12ஆவது.